கத்தி படாத முகம்

என் கணவருக்கு இரண்டு முறை தாடி வளர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். முதல் தாடி எனக்காக வளர்ந்தது. இரண்டாவது தாடி நோயினால் வளர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சவரம்தான்.

எங்கள் அரியலூர்ப் பக்கம் பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது. பிணத்துக்குத் தோள் கொடுக்கக்கூடாது, புது வீட்டுக்கு வாசக்கால் நிறுத்தக்கூடாது என்று இன்னும் சில உண்டு. ஆனால் ஊருக்குத் தெரிவது தாடிதான். சின்ன வயதுக்காரன் ஒருவன் தாடியோடு சந்தைக்கு வந்தால், வீட்டில் என்ன விசேஷம் என்று யாரும் சுற்றி வளைத்துக் கேட்கமாட்டார்கள். "எத்தனையாவது மாசம்ப்பா?" என்று நேரே கேட்டுவிடுவார்கள். அவனும் நெளிந்துகொண்டு பதில் சொல்வான்.

என் கணவர் முக அழகில் கொஞ்சம் கர்வம் உள்ளவர். மாட்டுக்கொட்டகைத் தூணில் கையகலக் கண்ணாடி ஒன்றை மாட்டி வைத்து, மாட்டுக்குத் தீவனம் போட வரும்போதெல்லாம் மீசையைப் பார்த்துக்கொள்வார். கரிசல் காட்டில் பருத்தி, சோளம், இரண்டு ஜோடி மாடு என்று வாழ்ந்த குடும்பத்தில் அது பெரிய கேலியாக இருந்தது. அப்படிப்பட்டவர் எனக்காகத் தாடி வளர்த்தார். "சாமியாரோட குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு" என்று நான் சொன்னால், "சாமியாரு செஞ்ச வேலைதான் வயித்துல இருக்கு, பேசாம இரு" என்பார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. நான் அவரைவிட ஏழெட்டு வயது இளையவள். வெளியே யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடாகத்தான் தெரிந்தது.

அந்தத் தாடிக்குள்ளேதான் அவர் முகம் வற்றிக்கொண்டே போயிருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். உச்சி வெயில் ஏறுவதற்குள் ஏரை விட்டுவிட்டு வரப்பில் படுத்துவிடுவார். காலையில் வேப்பங்குச்சியால் பல் தேய்த்துத் துப்பினால் எச்சில் சிவப்பாக இருக்கும். "குச்சி குத்திருச்சு" என்பார். அடிக்கடி காய்ச்சல் வந்தது. முறைக்காய்ச்சலுக்கென்று தபாலாபீசில் விற்ற கொயினாப் பொட்டலத்தை வாங்கி விழுங்கினார். இடது பக்க வயிறு கனக்கிறது என்றார். முறைக்காய்ச்சல் வந்தவர்களுக்கெல்லாம் அங்கே மண்ணீரல் வீங்கிக் கட்டி வைப்பது வழக்கம் என்பதால் அதற்கும் யாரும் பயப்படவில்லை. சோறு பிடிக்காமல் தட்டை நகர்த்தினால் என் மாமியார் சிரிப்பார். "மசக்கை ஒனக்கா, அவளுக்காடா? ரெண்டு பேருக்கும் மாங்கா வாங்கியாறவா?" பெண்டாட்டி மேல் பிரியம் உள்ளவன் அவளோடு சேர்ந்து வாடுவான் என்று எங்கள் பெண்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அவர் வாட வாட எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஏழாம் மாதம் வளையல் போட்டு என்னை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அம்மா வீடு பெரம்பலூரைத் தாண்டி, ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய பஸ் பாதி மேட்டில் மூச்சடைத்து நின்றுவிடும். ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளவேண்டும். என்னைப் பார்க்க ஒருமுறை அதில் வந்தவர், "நான் தள்ளல புள்ள, ஒக்காந்தே இருந்துட்டேன், எல்லாரும் மொறைச்சாங்க" என்றார். ஒற்றைக் கையால் வண்டிச் சக்கரத்தைத் தூக்குகிறவர் அவர். அன்றைக்குத்தான் எனக்கு முதல் முறையாகச் சுருக்கென்றது.

ஐப்பசி மழையில் பெண் குழந்தை பிறந்தது. செய்தி சொல்ல ஆள் போயிற்று. பிள்ளையைப் பார்க்க வருவதற்கு முன்னால் தாடியை எடுக்கவேண்டும். இரண்டு நாளில் மழமழவென்ற முகத்தோடு வந்து நிற்பார் என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவர் வரவில்லை.

முதலில் வந்த உறவுக்காரர், மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றார். அடுத்து வந்தவர், நில வழக்கு விஷயமாகத் திருச்சிக்குப் போயிருக்கிறார் என்றார். பிறகு என் மாமியாரே வந்தார். குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "காட்டுல பருத்தி எடுப்பு நடக்குது, அவன் எப்புடி வருவான்?" என்றார்.

எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. ஐப்பசியில் எந்த ஊரில் பருத்தி எடுக்கிறார்கள்? அப்போதுதான் செடி முழங்கால் உயரம் வந்திருக்கும். காட்டிலேயே பிறந்து வளர்ந்தவளிடம் பொய் சொல்வதானால் கொஞ்சம் யோசித்தாவது சொல்லவேண்டாமா? "அத்த, பருத்தி எங்க வெடிச்சிருக்கு, ஒங்க வூட்டு அடுப்புலயா?" என்று கேட்டேன். பெரியவர்களிடம் அப்படிப் பேசக்கூடாது என்று அம்மா என் வாயை மூடினார். மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பச்சை உடம்புக்காரியிடம் கெட்ட செய்தி சொல்லக்கூடாது, பால் கட்டிவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. நான் தட்டைத் தள்ளிவிட்டுப் பட்டினி கிடந்தேன். சொன்னால்தான் சாப்பாடு என்றேன். மறுநாள் அம்மா சொல்லிவிட்டார். நடந்ததை எல்லாம் பிறகு பலர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

குழந்தை பிறந்த சேதி வந்ததும் அவர் ஊர்ப் பரியாரியைக் கூப்பிட்டு, கொட்டகைத் தூண் பக்கம் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். பரியாரி கல்யாணத்துக்கும் அவருக்குச் சிரைத்தவர். பாதி முகம் எடுத்ததும் தாடை ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்தது. படிகாரத்தைத் தேய்த்தார்கள். நிற்கவில்லை. மஞ்சளை அப்பினார்கள், துணியைக் கருக்கி வைத்தார்கள். துண்டு நனைந்து, வேட்டி நனைந்து, பொழுது சாயும்வரை ஒழுகியிருக்கிறது. மீதிப் பாதியை எடுக்கப் பரியாரியின் கை ஓடவில்லை. "முடிச்சுரு, எம் மவள பாக்கணும்" என்று இவர்தான் வற்புறுத்தினாராம். முழுக்க எடுத்த பிறகு கண்ணாடியைக் கேட்டிருக்கிறார். யாரும் கொடுக்கவில்லை. மாமியார் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "எம் புள்ள மூஞ்சி எங்கடா போச்சு?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். கன்னம் ஒட்டி, தோல் வெளுத்து, வேறு யாரோ போல இருந்தாராம்.

அவருடைய அண்ணன்தான் அப்பா இல்லாத அந்த வீட்டுக்குப் பெரியவர். மறுநாளே ரயிலேற்றித் திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, உள்ளே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். டாக்டர் வெளியே வந்து, ரத்தத்தில் புற்று என்றார். புற்று என்றால் வாயிலோ மார்பிலோ வரும் என்றுதான் நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். அது ஆறாமல் தெரியும், நாறும். ஓடுகிற ரத்தத்தில் அது எப்படி உட்காரும் என்று யாருக்கும் விளங்கவில்லை.

மூன்றாம் மாதம் நல்ல நாள் பார்த்து, சீரோடுதான் பிள்ளைக்காரியைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புவது. நான் தீட்டுக் கழிந்த கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அம்மா பின்னாலேயே அழுதுகொண்டு வந்தார்.

கொட்டகையை ஒட்டிய பருத்தி அறையைக் காலி பண்ணி அவரைப் போட்டிருந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் மறுபடி முள் முள்ளாக முடி முளைத்திருந்தது. டாக்டர் இனிமேல் கத்தியே படக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். நான் வாசலைத் தாண்டும் முன்பே கையை நீட்டித் தடுத்தார்.

"அங்கயே நில்லு புள்ள. அவள உள்ள கொண்டாராத."

"ஏன்?"

"ரத்தத்துல இருக்குற சீக்கு. அவளும் என் ரத்தம்தான. தொட்டா வந்துருச்சுன்னா?"

இதை அவருடைய தலையில் ஏற்றியது மாமியாரும் அண்ணனும். அவர்களையும் குறை சொல்ல முடியாது. காசநோய்க்காரனைத் தள்ளி வைத்துப் பழகிய ஊர் அது. எதையாவது தள்ளி வைத்தால்தான் அவர்களுக்கு ஏதோ செய்தது போல இருக்கும். நான் வாசலில் நின்று குழந்தையின் முகத்துத் துணியை விலக்கிக் காட்டினேன். அவர் கட்டிலில் இருந்தபடியே எட்டி எட்டிப் பார்த்தார்.

"மூக்கு யாருது?"

"ஒங்களுது. வேற யாருக்கு அவ்ளோ பெரிய மூக்கு?"

சிரித்தார். ஈறெல்லாம் கறுத்திருந்தது. பிறகு, எதையும் மறைக்காமல் அவரே சொன்னார். "டாக்டர நானே கேட்டுட்டேன். அண்ணன் வெளிய போனப்ப கேட்டேன். மருந்து இல்லையாம். வெள்ளக்காரன் ஊர்லயும் இல்லையாம். கொஞ்ச மாசம் ஓடும்னாரு." அவருடைய குரல் நடுங்கவில்லை. நான் நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மேலே சொன்னார். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவளுக்கு என்னத் தெரியணும். ஒங்கப்பன் இப்புடி இருந்தான், அப்புடி இருந்தான்னு யாரோ கத சொல்லித் தெரியக்கூடாது. அவளே என் மூஞ்சியப் பாத்து, இது எங்கப்பன்னு ஒரு தடவையாவது தெரிஞ்சுக்கணும். புள்ளைங்களுக்கு எத்தன மாசத்துல மொகம் தெரியும்?"

அம்மா முகம் சீக்கிரம் தெரியும், மற்றவர் முகம் தெரிய நாலு மாதம் ஐந்து மாதம் ஆகும் என்றேன். அவர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு எதையோ கணக்குப் போட்டார். தொடவும் விடாமல், கிட்டே போகவும் விடாமல் வைத்திருந்தால் எந்தப் பிள்ளைக்கு முகம் தெரியும்? அந்த வீட்டில் எல்லார் மேலும் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த முறை திருச்சிக்குப் போகும்போது நானும் வருவேன் என்று பிடிவாதமாக நின்றேன். குழந்தையை எடுத்துக்கொண்டேன். அண்ணன்காரர் முணுமுணுத்தார். ஆனாலும் அழைத்துப் போனார்.

அரியலூர் ஸ்டேஷனில் பட்டாளத்துக்காரர்களால் ரயில் பிதுங்கி வழிந்தது. எப்படியோ இடம் கிடைத்தது. நான் குழந்தையோடு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் எதிர்ப் பலகையில் ஒரு மிளகாய் வியாபாரியின் பக்கத்தில் உட்கார்ந்தார். வியாபாரி அவருடைய தாடியைப் பார்த்தார், என் மடியைப் பார்த்தார், மறுபடி தாடியைப் பார்த்தார்.

"என்ன தம்பி, இது கைக்கொழந்தையா இருக்கே. அதுக்குள்ள அடுத்ததா?"

அண்ணன்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு உயிரே போயிற்று. இவர் வெட்கப்படுகிறவர் போலத் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க" என்றார். அந்த மனிதர் தொடையில் தட்டிச் சிரித்து, ஆண் பிள்ளையாகப் பிறக்கும் என்று ஆசீர்வாதம் செய்து, ஒரு கொய்யாப்பழமும் கொடுத்து இறங்கிப் போனார். "ஏன் பொய் சொன்னீங்க?" என்று பல்லைக் கடித்தேன். "போவுது விடு. எனக்கு என்னான்னு சொல்லியிருந்தா அந்த ஆளு பழத்த எடுத்துக்கிட்டு அடுத்த பெட்டிக்கில்ல போயிருப்பாரு" என்றார். நான் சிரித்துவிட்டேன். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் ரத்தத்தை எடுத்துத் தம்பிக்கு ஏற்றினார்கள். டாக்டர் களைத்துப்போன மனிதர். வராந்தாவில் போனவரை மறித்து நின்று கேட்டேன். அண்ணன்காரரும் கேட்கட்டும் என்று சத்தமாகவே கேட்டேன்.

"சார், இது ஒட்டுவாரொட்டியா? புள்ளய அவருகிட்ட குடுக்கலாமா?"

"ஒட்டாதும்மா. தாராளமாக் குடு. அவருக்குக் காயம் படாமப் பாத்துக்க, அவ்வளவுதான்."

"நெசமாவா?"

டாக்டர் என்னையும் குழந்தையையும் பார்த்தார். "என் புள்ளயா இருந்தா நான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்குத் திரும்பியதும் நேரே பருத்தி அறைக்குப் போய்க் குழந்தையை அவருடைய மடியில் போட்டேன். மாமியார் ஓடிவந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "டாக்டருக்கு என்னடி தெரியும்?" என்றார். "ஒங்களுக்கு என்ன தெரியும் அத்த? ஐப்பசில பருத்தி எடுக்கத்தான தெரியும்?" என்றேன். அவர் அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். மறுநாள் முதல் அவரே குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, மகனிடம் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார். ரத்தம் ஊறட்டும் என்று சந்தையில் சுவரொட்டி வாங்கிவரச் சொல்லி, வாட்டி ஊட்டினார். ஆட்டின் மண்ணீரல் அது. என் கணவருடைய மண்ணீரல் வயிற்றுப் பாதிவரை வீங்கிக் கிடந்தது. ஆனாலும் அம்மாவுக்காக மென்று விழுங்கினார்.

கார்த்திகை போயிற்று, தை போயிற்று. மாட்டுப் பொங்கலுக்கு அவருடைய மாடுகளுக்கு வேறு ஆட்கள் கொம்பு சீவினார்கள். தாடி முகத்தை மூடியது. முடிகூட வளர்கிறதே, மற்றதெல்லாம் ஏன் வற்றுகிறது என்று எனக்கு எரிச்சலாக வரும். வெயில் ஏறும்வரை குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, மாட்டை அதட்டுகிற மாதிரி நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுப்பார். அவள் அவருடைய முகத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்ப்பாள். கூரையைப் பார்ப்பாள், கயிற்றைப் பார்ப்பாள், என்னைக் கண்டால் துள்ளுவாள். "இன்னும் ஆவல" என்பார். தினமும் அதையே சொல்வார். அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இருக்காது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் வெளியே போய்விடுவேன்.

மாசிக் கடைசியில் ஒரு காலை நேரம். மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தார். நான் கஞ்சியோடு பின்னால் வந்தேன். அவர் அசதியில் கண் மூடியிருந்தார், சத்தம் ஒன்றும் கொடுக்கவில்லை. குழந்தை தாடியைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவினாள். வாயைக் குவித்து "ஊ" என்று கூப்பிட்டாள். அது அவருடைய நாக்குச் சத்தத்துக்கு அவள் கண்டுபிடித்து வைத்திருந்த பதில். நெஞ்சில் விட்டதும் தாடியை இரண்டு பிடியாகப் பிடித்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "தெரிஞ்சிருச்சு புள்ள" என்றார். கண்ணீர் காதுவரை ஓடியது. மாமியார், பேத்தி பிடித்து இழுக்கிறாளே, தோல் கிழிந்துவிடுமே என்று பதறினார். "இழுக்கட்டும்மா" என்றார்.

அதன் பிறகு அவள் வேறு யாரிடமும் போகவில்லை. விழித்ததும் தாடி வேண்டும். தாடிக்குள் விரலை விட்டபடிதான் தூங்குவாள்.

பங்குனியில் காடெல்லாம் பருத்தி வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. ஆட்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம், எல்லாரும் காட்டில் இருந்த நேரத்தில், மூக்கிலிருந்து ரத்தம் வந்து நிற்காமல் அவர் போனார். நானும் மாமியாரும்தான் பக்கத்தில் இருந்தோம். குழந்தை அடுத்த அறைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பெண்கள் என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள். வாசலில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெகுநேரம் கழித்து, "புள்ளய எடுத்துக்கிட்டு வா, அப்பன் மொகத்தக் காட்டு" என்று கூப்பிட்டார்கள். விழித்திருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். குளிப்பாட்டி, மாலை போட்டு, நெற்றியில் காசு வைத்துக் கிடத்தியிருந்தார்கள். முகம் வழவழவென்றிருந்தது. தாடியைச் சுத்தமாக எடுத்திருந்தார்கள்.

"யாரு செரைக்கச் சொன்னது?" என்று கத்தினேன். புருஷன் பிணத்தின் முன்னால் அப்படி யாரும் கத்தமாட்டார்கள். பரியாரி கையைப் பிசைந்துகொண்டு மாமியாரைப் பார்த்தார். மாமியார் என் அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நாந்தான் சொன்னேன். தாடியோட போனா நீ முழுவாம இருக்கன்னு ஆயிரும். நாளைக்கு ஒண்ணும் இல்லன்னா ஊரு என்னா பேசும்? நீ சின்னப் பொண்ணு. இதே ஊருல காலம் தள்ளணும்ல?"

எனக்காகத்தான் செய்திருக்கிறார். அவர் சொன்னது நியாயம் என்று எனக்கே தெரிந்தது.

குழந்தையைக் குனிந்து காட்டினேன். அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். கூட்டத்தில் யாரையோ பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். பிறகு சுற்றி நின்ற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. என் தோளின் மேல் உடம்பை முறுக்கி, பருத்தி அறைப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "ஊ" என்று கூப்பிட்டாள்.